மனைப்பொருளியலாளர் ராஜம்மாள் தேவதாஸ்

மனைப்பொருளியல் கற்றவர் என்ன தொழில் பார்க்கலாம் என்ற வினாவுக்கு, ஆசிரியத் தொழில் என்று எழுதிவிட்டு மாணவர் பலர் நிறுத்திக் கொள்வதுண்டு. ராஜம்மாள் தேவதாஸின் வாழ்க்கை வரலாற்றை அறிந்தவர் அப்படி எழுதமாட்டார்.

இவர் 1919 ஏப்ரல் 7 இல் தமிழ்நாட்டின் செங்கத்தில் பிறந்தார். சென்னை இராணி மேரிக் கல்லூரியில் மனையியலில் பட்டம் பெற்றார். (எமது மனைப்பொருளியலை அங்கு மனையியல் என்பர்.) பின்னர் புலமைப்பரிசில் பெற்று ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1950 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். சமையல் படிக்கப் பல்கலைக்கழகம் எதற்கு என்று எண்ணியோர் நிறைந்திருந்த காலம் அது. ஆனால் 1943 இன் வங்காளப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டு சில ஆண்டுகளே கழிந்திருந்தன. விளைச்சலைக் கூட்டுவது பாதி வேலை. விளைந்ததைச் சத்துக் கெடாமல் குழந்தையின் வாயில் சேர்ப்பது மறுபாதி. இந்த மறுபாதியே இவரது துறையாயிற்று.

1950 களில் இந்திய மத்திய அரசின் உணவு, விவசாய அமைச்சில் இவர் தலைமை மனைப்பொருளியலாளராகக் கடமையாற்றினார். அமைச்சு ஒன்றில் இப்படியொரு பதவி இருந்தது என்பதே எம்மவர் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

1957 இல் தி. சு. அவினாசிலிங்கம் கோயம்புத்தூரில் பெண்களுக்கென நிறுவிய மனையியல் கல்லூரிக்கு 1961 இல் அதிபரானார். இங்குதான் இவரது ஆராய்ச்சிகள் பெருகின. விற்றமின் ஏ குறைந்தால் மாலைக்கண் நோய் வரும். முற்றினால் பார்வையே போகும். விலை கூடிய உணவு வாங்க முடியாத வீட்டில் என்ன செய்வது? பப்பாசிப்பழம், முளைக்கீரை ஆகியவற்றிலுள்ள பீற்றா கரோட்டினைப் பாலர்களின் உடல் எந்தளவு பயன்படுத்துகிறது என்பதை இவரும் உடன் ஆய்வாளரும் ஆராய்ந்து 1980 இல் வெளியிட்டனர். பப்பாசி நிற்காத வளவு யாழ்ப்பாணத்தில் அரிது என்பதால் இவ்வாய்வு எமக்கும் உரியதே. 1982 இல் தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபின், அதனால் பிள்ளைகள் பெற்ற பயனை மதிப்பிடும் பணியிலும் இவர் ஈடுபட்டார்.

இத்துறையில் தேர்ந்தவர்களுக்கு வைத்தியசாலையில் நோயாளரின் உணவைத் திட்டமிடும் பணி, உணவுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை, கிராமத் தாய்மாருக்கான விரிவாக்கப் பணி எனப் பல வழிகள் உண்டு. இலங்கையில் வயம்பப் பல்கலைக்கழகம் உணவு விஞ்ஞானம், போசணை ஆகியவற்றில் பட்டப்படிப்பு நடத்துகிறது.

1988 இல் அக்கல்லூரி பல்கலைக்கழகத் தரம் பெற்றபோது ராஜம்மாள் அதன் முதல் துணைவேந்தரானார். பின்னர் வேந்தராகவும் விளங்கினார். 1992 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2002 மார்ச் 17 இல் காலமானார்.

குறிப்பு: இவர் அதிபரான ஆண்டு 1961, துணைவேந்தரான ஆண்டு 1988. இரண்டையும் மாற்றி எழுதிவிட வேண்டாம்.