கவிக்குயிலின் குடிவழி

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து, காலனியில் குடியிருக்கும் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. நம் குழந்தைகள் எந்த ஊரார்? இக்கேள்வியோடு பிறந்து வளர்ந்த பெருமாட்டி ஒருவரின் வரலாற்றை இம்மலரில் கூற விழைகின்றோம். அவரே கவிக்குயில் சரோஜினி நாயுடு அம்மையார்.

அம்மையாரின் முன்னோர் வங்காளத்தில் டாக்காவை அடுத்த விக்கிரம்பூர்ப் பகுதியினர். தந்தையார் அகோரநாத சட்டோபாத்தியாயர் எடின்பரோவில் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். நிஜாம் சீமைக்கு வந்து ஐதராபாத்தில் கல்லூரிப் பணியை மேற்கொண்டார். அக்கல்லூரியே பின்னர் நிஜாம் கல்லூரியாக வளர்ந்தது. அன்னையார் வரதசுந்தரி தேவி வங்க மொழியில் பாடல் புனைய வல்லவர். இவர்களுடைய எட்டு மக்களுள் மூத்தவராக 1879 பிப்ரவரி 13ஆம் நாள் சரோஜினி பிறந்தார்.

இருப்புப்பாதையால் உயிர் வாழும் நமக்கு வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. 1883இல் சந்தா ரயில்வே திட்டம் பற்றிய விவரங்களை மக்கள் அறிய வேண்டுமென்று கேட்டவர்களுள் அகோரநாதரும் ஒருவர். அதன் பொருட்டு அவர் ஐதராபாத்தினின்றும் வெளியேற்றப்பட்டார். அப்போது சரோஜினிக்கு வயது நான்கு. பின்னரே தந்தையார் அந்நகருக்குத் திரும்பினார்.

குழந்தைப் பருவத்தில் சரோஜினி ஆங்கிலம் பேச மறுத்தார். ஒன்பதாம் வயதில் தந்தையார் அவரை ஓர் அறையில் தனியே அடைத்துத் தண்டித்தார். வெளியே வந்தது முதல் பெற்றோரிடம் ஆங்கிலத்திலேயே பேசலானார். அன்னையாரோ இந்துஸ்தானியிலேயே விடை கூறி வந்தார். வங்கப் பாடல் புனைந்த தாயின் மகள் கவி பாடியது ஆங்கிலத்தில்!

பன்னிரண்டாம் வயதிலேயே சென்னைச் சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறினார். அப்பரீட்சையில் தேற நாம் பட்ட பாடு நமக்கல்லவா தெரியும்! 1895இல் நிஜாமின் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்றவர் 1898இல் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரில், ஆந்திரரான டாக்டர் கோவிந்தராஜுலு நாயுடுவைச் சாதி வேற்றுமை பாராது மணந்தார். மணவிழா நம் சென்னை நகரில் நிகழ்ந்தது. சீர்திருத்தச் செம்மல் வீரேசலிங்கம் பந்துலு அதனை நடத்தி வைத்தார்.

1905இல் கர்சன் பிரபு முன்னோர் மண்ணான வங்காளத்தைத் துண்டாடினார். அதே ஆண்டில் அம்மையாரின் முதற் கவிதை நூல் லண்டனில் வெளிவந்தது. 1908இல் மூசி ஆறு பெருகி ஐதராபாத்தை அழித்தபோது துயருற்றோருக்குத் தொண்டு புரிந்து, அரசாங்கத்தின் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் பெற்றார். 1919இல் நிகழ்ந்த பஞ்சாப் படுகொலைக்குப் பின் அதனைத் திருப்பி அளித்தார். 1925இல் கான்பூர்க் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். அப்பதவியை அடைந்த முதல் இந்தியப் பெண்மணி அவரே. 1930இல் தாராசனா உப்புப் போரை முன்னின்று நடத்திச் சிறை புகுந்தார்.

குடும்பமோ திசைக்கொன்றாய்ச் சிதறிற்று. தந்தையார் 1915இல் காலமானார். விடுதலை வேட்கையால் அயல்நாட்டில் உழன்ற தம்பி வீரேந்திரநாதர் தாய்நாடு திரும்பவேயில்லை. 1937இல் சோவியத் நாட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றொரு தம்பி ஹரீந்திரநாதர் கவிஞராகவும் நடிகராகவும் விளங்கினார்.

1947 ஆகஸ்டில் அம்மையார் ஐக்கிய மாகாணத்தின் கவர்னரானார். அதே வேளையில் விக்கிரம்பூர் பாகிஸ்தானுக்குரிய அயல் மண்ணாயிற்று. இன்று அது வங்காள தேசத்தில் உள்ளது. 1949 மார்ச் 2ஆம் நாள் லட்சுமணபுரியில் அம்மையார் இயற்கை எய்தினார். தாத்தா விட்டு வந்த வங்காளத்தின் இந்தியப் பகுதிக்கு, 1956இல் மகள் பத்மஜா கவர்னராகச் சென்று, 1967 வரை அப்பதவி வகித்தார்.

அம்மையாரை எந்த ஊரார் என்பது? எல்லா ஊரும் அவரைத் தம்மவர் என்று கொண்டாடுகின்றது. அப்பெருமை நம் மக்களுக்கும் வாய்க்கட்டும். எனினும், நாம் தமிழில் வினவ, அவர்கள் இந்தியில் விடை பகரும்போதெல்லாம், வரதசுந்தரி அம்மையாரின் வங்கப் பாடல்களை நினைந்து நம் நெஞ்சம் சற்றே கலங்குகின்றது. ஞாயிறுதோறும் சங்கத்தில் நடைபெறும் தமிழ் வகுப்புக்குக் குழந்தைகளைத் தவறாது அனுப்புவோமாக.