புலனாகா ஒளியைத் தேடிய போஸ்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப்புறங்களில் மழைக்குப் பஞ்சமில்லை. மலைமுகட்டில் மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்லயத்து விளக்கும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஈரம் ஒளியை மறைக்கும் என்பதை இம்மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. விண்மீன்களிடையேயிருந்து வரும் ஒருவகைக் கதிர்களைத் தடுக்க மூடுபனிகூட வேண்டாம். தெளிந்த வானில் கலந்துள்ள நீராவியே போதும். ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த நீளமுடைய அவ்வலைகளை டெராஹேர்ட்ஸ் அலைகள் என்பர். அவற்றை நோக்கிச் செல்லும் பாதையில் முதலடிகளை எடுத்துவைத்தவர்களுள் ஒருவர், வங்கம் ஈன்ற பேரறிஞர் ஜகதீச சந்திர போஸ்.

கிழக்கு வங்கத்தில் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பிறந்தார். தந்தை பகவான் சந்திரர் துணை நீதவானாகப் பணியாற்றியவர். உயர்ந்த உத்தியோகத்தர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே பெருமை எனக் கருதிய காலம் அது. பகவான் சந்திரரோ மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே மீனவர் மகனும், தந்தையின் ஏவலாளராயிருந்த முஸ்லிம் அன்பரின் மகனும் சிறுவனுக்கு இருமருங்கிலும் அமர்ந்தனர். அவர்கள் சொன்ன பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர்களின் கதைகளே இயற்கையை ஆராயும் வேட்கையைத் தம்முள் விதைத்தன என்று பிற்காலத்தில் அவர் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

கேம்பிரிட்ஜில் கற்றுத் திரும்பியவர் 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியரானார். ஒரே பணிக்கு ஐரோப்பியருக்குரிய ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு வழங்கப்பட்டது. போஸின் நியமனம் தற்காலிகமானது என்று கூறி, அதிலும் பாதியே தர முன்வந்தனர். அவர் வேலையை ஏற்றார். ஊதியத்தைத் தொட மறுத்தார். தந்தையோ கடனில் மூழ்கியிருந்தார். எனினும் மூன்றாண்டுகள் ஒரு காசும் பெறாமல், ஒருநாளும் கடமை தவறாமல் கற்பித்தார். இறுதியில் நிர்வாகம் பணிந்தது. நிலுவையுடன் முழு ஊதியமும் வந்தது. தந்தையின் கடன் தீர்ந்தது. 1984இல் சமமாக்கப்படும் வரை ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி என்றிருந்த நம் தோட்டங்களின் மக்களுக்கு இவ்வரலாற்றின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆய்வுகூடம் என்று சொல்லத்தக்க ஒன்று அவருக்கு வாய்க்கவில்லை. குளியலறையை அடுத்த ஒரு சிற்றறையில், தாமே பழக்கிய தகரவேலைக்காரர் ஒருவரின் துணையுடன் கருவிகள் செய்தார். தமது முப்பத்தாறாம் பிறந்தநாளில், 1894இல், ஆராய்ச்சிக்கே வாழ்வை அளிப்பதென உறுதிபூண்டார். மின்னலைகள் உண்டென ஹேர்ட்ஸ் என்னும் ஜேர்மானியர் முன்னரே நிறுவியிருந்தார். ஆனால் அவ்வலைகள் நீண்டவை; அவற்றை ஆராயப் பெருங்கருவிகள் வேண்டும். போஸ் அலைகளை ஐந்து மில்லிமீற்றர் வரை குறுக்கினார். கருவி மேசைக்குள் அடங்கிற்று. அலைகளைச் சேர்க்க வாய்விரிந்த உலோகக் குழாய். அவற்றின் அதிர்வுத் திசையைத் திருப்ப முறுக்கிய சணல். ஒரு திசை அதிர்வை மட்டும் பிரித்தெடுக்க, ஏடுகளிடையே உலோகத்தாள் செருகிய ரயில் நேர அட்டவணைப் புத்தகம். 1895இல் கல்கத்தா நகரமண்டபத்தில் அவருடைய அலைகள் சுவரை ஊடுருவிச் சென்று மணியை ஒலிப்பித்தன; வெடிமருந்தையும் பற்றவைத்தன. ஈராண்டுகளில் இலண்டன் அறிஞர் அவை அவரை வரவேற்றது.

அலைகளை உணர ஈயக்கனிமமான கலீனாப் படிகத்தைப் பயன்படுத்தி, அதைச் செயற்கை விழித்திரைக்கு ஒப்பிட்டார். நண்பர் வற்புறுத்தலால் 1904இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அறிவை விற்க விரும்பாத அவர் அதைக் காலாவதியாக விட்டார். பின்னர் தாவரங்களின் உணர்ச்சியை ஆராயச் சென்றபோது ஐயமும் எதிர்ப்பும் சூழ்ந்தன, அவர் பின்வாங்கவில்லை. 1917இல் தம் பெயர் தாங்கிய ஆய்வு நிலையத்தை நிறுவி, 1937 நவம்பர் 23இல் மறைந்தார்.

அவர் தேடிய விழி பின்னர் வேறு பொருளில் கூர்மை பெற்றது. கடுங்குளிரில் பாதரசம் மின்தடையை முற்றாக இழப்பதை 1911இல் ஒல்லாந்து அறிஞர் கமர்லிங் ஒன்னஸ் கண்டார். இத்தகைய பொருள்களை மீகடத்திகள் என்பர். அவற்றின் மெல்லிய படலத்தை அந்நிலையின் விளிம்பில் நிறுத்தினால், மிக நொய்ந்த அலை பட்டாலும் அதன் தடை மாறும்; அம்மாற்றமே அலை வந்த செய்தி. இத்தகைய உணரிகளை வரிசையாக அடுக்கிய ‘கஸ்டோ’ என்னும் தொலைநோக்கி, 2023 டிசம்பர் 31இல் அந்தாட்டிக்காவிலிருந்து பலூனில் ஏற்றப்பட்டது. நீராவியைப் பெரும்பாலும் கீழே விட்டு, ஏறத்தாழ 36 கிலோமீற்றர் உயரத்தில் 57 நாள் மிதந்து, விண்மீன்களிடையே பரந்த காபன் அணுக்களின் கதிரைப் பதிவுசெய்தது. அக்கதிரின் நீளம் போஸின் ஐந்து மில்லிமீற்றர் அலையில் முப்பதில் ஒரு பங்களவே.

சணலும் உலோகத்தாளும் பழைய புத்தகமும் கிட்டாத தோட்டப் பள்ளிக்கூடம் எது? சிற்றறையும் குறைந்த வசதியும் ஆய்வுக்குத் தடையல்ல என்பதைப் போஸ் காட்டிச் சென்றார். உழைப்புக்குரிய மதிப்பைக் குறைத்துத் தந்தால் ஏற்கலாகாது என்பதையும் அதே வாழ்வில் காட்டினார். நம் மாணவர்க்கு இவ்விரண்டையும் சேர்த்தே சொல்லுவோம்.