கடிகாரத்தோடு மட்டும் மோதியவர்: அயர்டன் சென்னாவின் தகுதிச்சுற்றுக் கதை

ஃபார்முலா 1 பந்தயம் நடப்பது ஞாயிற்றுக்கிழமை. ஆனா பாதி ரிசல்ட் அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். காரணம், தகுதிச்சுற்று. அதில் ஒரு தலைமுறையையே மிரள வைத்தவர் பிரேசிலின் அயர்டன் சென்னா.

தகுதிச்சுற்று எதுக்கு?

எல்லா கார்களும் ஒரே கோட்டில் நின்று கிளம்ப முடியாது. யார் முன்னால், யார் பின்னால் என்பதைத் தகுதிச்சுற்றுதான் முடிவு செய்யும். ஒரு முழு லேப்பைக் குறைந்த நேரத்தில் முடிப்பவருக்கு முதல் இடம். அதுதான் 'போல் பொசிஷன்'.

இப்போது இது மூன்று கட்டமாக நடக்கிறது. முதல் இரண்டு கட்டங்களில் மெதுவானவர்கள் வெளியேற, கடைசி 10 பேர் போலுக்கு மோதுவார்கள். சென்னா காலத்தில் வேற மாதிரி. வெள்ளி ஒரு மணி நேரம், சனி ஒரு மணி நேரம். இரண்டு நாளில் எது பெஸ்ட் டைமோ, அதுதான் கணக்கு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

65 முறை முதலிடம்

1960-ல் சாவ் பாலோவில் பிறந்த சென்னா, சின்ன வயசிலேயே கார்ட் ஓட்டத் தொடங்கியவர். ஃபார்முலா 1-க்கு வந்தது 1984-ல். அடுத்த ஆண்டே போர்ச்சுகலில் முதல் போல், முதல் வெற்றி இரண்டும் ஒரே வாரத்தில் கிடைத்தன. 1988, 1990, 1991 என மூன்று முறை உலக சாம்பியன். ஓட்டிய 161 பந்தயங்களில் 65 போல்!

1988 மொனாக்கோ தகுதிச்சுற்றை ரசிகர்கள் இன்றும் பேசுவாங்க. குறுகலான தெருக்கள், முந்துவது ரொம்ப கஷ்டம். அதனால அங்கே போல் கிடைத்தால் பாதி ஜெயித்த மாதிரி. சென்னாவுக்கும் சக வீரர் அலைன் ப்ராஸ்ட்டுக்கும் ஒரே மெக்லாரன் கார்தான். ஆனாலும் சென்னா 1.427 விநாடி வேகம். நூறில் ஒரு பங்கு விநாடிக்கே அடிச்சுக்கிற விளையாட்டில் இது மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

அதற்குப் பிறகு அவரே வேகத்தைக் குறைத்து பிட்டுக்குத் திரும்பிவிட்டார். தன் கட்டுப்பாட்டைத் தாண்டி ஓட்டுவதாக உணர்ந்து பயந்துபோனதாகப் பின்னாளில் சொன்னார். மறுநாள் பந்தயத்தில் முன்னணியில் இருந்தவர், 11 லேப் மிச்சம் இருக்கும்போது சுவரில் மோதி வெளியேறினார்.

கடைசி போல்

1994, இத்தாலியின் இமோலா. வெள்ளிக்கிழமை சென்னாதான் வேகமானவர். ஆனால் அன்றே இளம் பிரேசில் வீரர் ரூபன்ஸ் பாரிகெல்லோ விபத்தில் சிக்கி, உயிர் தப்பினார். சனிக்கிழமை தகுதிச்சுற்றில் ஆஸ்திரியாவின் ரோலண்ட் ராட்சன்பெர்கர் சுவரில் மோதி இறந்தார். விபத்து நடந்த இடத்துக்கே போய்ப் பார்த்த சென்னா, அன்று மறுபடி டிராக்கில் இறங்கவில்லை.

ஆனாலும் வெள்ளிக்கிழமை டைமை யாரும் முறியடிக்கவில்லை. 65-வது போல் அப்படித்தான் வந்தது.

மே 1, ஞாயிறு. அந்த முதல் இடத்தில் இருந்தே கிளம்பினார். ஏழாவது லேப்பில் டம்புரெல்லோ வளைவில் கார் சுவரில் மோதியது. 34 வயதில் சென்னா மறைந்தார். நொறுங்கிய காரில் ஓர் ஆஸ்திரியக் கொடி இருந்தது. ஜெயித்தால் ராட்சன்பெர்கருக்காக அதைப் பிடித்துக் காட்ட நினைத்திருந்தார்.

அந்த 65 போல் சாதனை 12 ஆண்டுகள் நின்றது. 2006-ல் மைக்கேல் ஷூமாக்கர் அதை முறியடித்ததும் அதே இமோலாவில்தான்.