காலங் கணித்த பீட் அடிகள்

ஓர் ஆண்டினைக் குறிக்க இன்று நமக்கு ஓர் எண்ணே போதும். கி. பி. 735 என்று எழுதிய அளவில், எந்நாட்டு நிகழ்ச்சியும் காலவரிசையில் தனக்குரிய இடத்தைப் பெற்றுவிடுகின்றது. ஆயின் அவ்வாண்டில் வாழ்ந்த மக்களிற் பெரும்பாலோர் அதனை அவ்வெண்ணால் அறிந்திலர். அரபியர்க்கு அது ஹிஜ்ரி 117-ஆம் ஆண்டு. சீனர்க்குக் கையுவான் 23-ஆம் ஆண்டு. ஜப்பானியர்க்குத் தெம்பியோ 7-ஆம் ஆண்டு. அவ்வாண்டிலேதான் ஜப்பானின் மேற்குப் பகுதியிற் பெரியம்மை தோன்றி, 737 வரை அந்நாட்டை அலைக்கழித்தது. அதே ஆண்டு மே மாதத்தில், இங்கிலாந்தின் வடபால் உள்ள ஜாரோ மடத்தில் முதிய துறவி ஒருவர் உயிர்நீத்தார். தொலைநாடுகளின் இந்நிகழ்ச்சிகளை ஒரே வரிசையில் வைத்துக் காணும் முறையைப் பரப்பியவருள் தலையாயவர் அவரே. அவர்தாம் பீட் அடிகள். பீடு என்பது தமிழிற் பெருமையைக் குறிக்கும். மொழித்தொடர்பு சிறிதும் இல்லையேனும், பெயர் அவர்க்குப் பொருந்தியே அமைந்தது.

பீட் அடிகள் நார்த்தம்பிரிய நாட்டில் ஏறத்தாழ 673-இற் பிறந்தார். ஏழாம் வயதில் உறவினர் அவரை வியர்மத் மடத்துத் தலைவர் பெனெடிக்ட் பிஸ்கொப்பிடம் ஒப்புவித்தனர். பிஸ்கொப் பன்முறை உரோமாபுரி சென்று அரிய நூல்களைக் கொணர்ந்து சேர்த்தவர். பின்னர், அம்மடத்தின் துணைமடமாகிய ஜாரோவே அடிகளுக்கு வாழ்விடமாயிற்று. 686-ஐ ஒட்டி அங்கே கொள்ளைநோய் புகுந்தது. வழிபாட்டிற் பாடவல்ல துறவியர் அனைவரும் மாண்டனர்; தலைவர் செயோல்பிரித்தும் ஒரு சிறுவனுமே எஞ்சினர். அவ்விருவரும் கண்ணீரோடு வழிபாட்டை விடாது நடத்தினர். அச்சிறுவன் பீட் என்பதே அறிஞர் பலர் கருத்து. உதவிக்குருப் பட்டத்திற்கு 25 வயது நிரம்பவேண்டும் என்பது விதி. அவர்க்கோ அது 19-ஆம் வயதிலேயே கிடைத்தது. நம்மனையார் பாடங் கேட்டுத் திரியும் பருவமன்றோ அது!

உயிர்த்தெழுந்த திருநாளை எந்நாளிற் கொண்டாடுவது என்பது அக்காலத்துப் பெரும்பூசல். அயர்லாந்து முறையும் உரோமாபுரி முறையும் முரண்பட்டமையால், நார்த்தம்பிரிய அரண்மனையிலேயே அரசன் திருநாள் கொண்டாட, அரசி நோன்பிருந்த ஆண்டும் உண்டு. ஆகவே காலக்கணிதம் அடிகளுக்கு வெறும் ஏட்டுக் கல்வி அன்று. அவர் 703-இல் ஒரு சிறு நூலும், 725-இல் ஒரு பெருநூலும் அதுபற்றி எழுதினார். கடலின் ஏற்றவற்றங்கள் திங்களைப் பின்பற்றுவதையும், துறைதோறும் அவற்றின் நேரம் வேறுபடுவதையும் பெருநூலில் விளக்கினார்.

உலகப் படைப்பு முதற் கிறிஸ்து பிறப்புவரை 3952 ஆண்டுகள் என முதல் நூலிற் கணித்தார். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தொகையையே நம்பிவந்த சிலர், 708-இல் ஒரு விருந்தில் அவரைச் சமயப்பகைவர் எனத் தூற்றினர். அடிகள் மனம் நொந்தாரெனினும் கணக்கை மாற்றினாரல்லர். தாம் கொண்ட சான்றுகளை விளக்கி மடல் வரைந்தார்.

கிறிஸ்து பிறப்பிலிருந்து ஆண்டெண்ணும் முறையை 525-இல் வகுத்தவர் தயோனீசியஸ் என்பவர். அதனை ஒரு பெரு வரலாற்றில் முழுதும் ஆண்டு காட்டியவர் பீட் அடிகளே. 731-இல் அவர் இலத்தீனில் முடித்த ஆங்கிலத் திருச்சபை வரலாறு ஐந்து பகுதிகளையுடையது. லிண்டிஸ்பார்னுக்கும் யார்க்குக்கும் அப்பால் அவர் சென்றதாகத் தெரியவில்லை. ஆயினும் காண்டர்பரியினின்றும் செய்திகள் பெற்றார். நோதெல்ம் என்பவர் உரோமாபுரியிற் படியெடுத்த திருமடல்களையும் பெற்றார். தமக்குச் செய்தி தந்தோர் பெயரை மறவாது குறித்தார். அந்நூல் படியெடுக்கப்பட்டு ஐரோப்பாவெங்கும் பரவ, அவ்வாண்டெண்ணும் உடன் பரவியது.

735-இல் மூச்சுத் திணறல் அவரை வாட்டியது. அந்நிலையிலும் மாணவர்க்குப் பாடஞ் சொல்லிக்கொண்டே, யோவான் சுவிசேஷத்தைத் தாய்மொழியில் மொழிபெயர்த்துவந்தார். இறுதி நாளன்று, எஞ்சியிருந்த ஒரு வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்த இளைஞன் நினைவூட்ட, அதனையும் சொல்லி முடித்து, தம் அறையின் தரையில் அமர்ந்து இறைவனைப் பாடியவாறே உயிர் துறந்தார். அம்மொழிபெயர்ப்பு இன்று கிடைத்திலது. அவர்தம் என்புகள் டர்ஹம் பேராலயத்தில் உள்ளன.

அவர் பரப்பிய ஆண்டெண்ணின் தொடக்கத்திற் சில ஆண்டுகள் பிழை உண்டு என இக்கால ஆராய்ச்சியாளர் கூறுவர். அதனால் அவர் பெருமை குன்றாது. ஒரு மடத்து நூல்களும், கேட்டறியும் ஆர்வமும், கேட்டதைக் கேட்டவாறே உரைக்கும் நேர்மையும் அவர்க்கு வாய்த்திருந்தன. கல்லூரி நூல்நிலையம் நமக்கும் உண்டு. ஏனை இரண்டையும் நாமே தேடிக்கொள்ளல் வேண்டும்.