நொண்டிக் குதிரையை வெற்றிக் குதிரையாக்கிய டாம் ஸ்மித்

பந்தய மைதானத்தில் கூட்டத்தின் கண்கள் குதிரையையும் அதன் முதுகில் இருக்கும் ஜாக்கியையும்தான் பார்க்கும். விடியும் முன்பே லாயத்துக்கு வந்து, குதிரையின் காலைத் தடவிப் பார்த்து, இன்று ஓட்டமா ஓய்வா என்று முடிவு செய்கிற பயிற்சியாளரைப் பலருக்குத் தெரியாது. அப்படி லாயத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர், அமெரிக்காவின் டாம் ஸ்மித்.

1878-ம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தார். மாட்டுப் பண்ணைகளில் மந்தை ஓட்டினார். காட்டுக் குதிரைகளைப் பிடித்துப் பழக்கினார். லாடம் அடித்தார். ஊர் ஊராகப் போய்க் குதிரை விளையாட்டும் பந்தயமும் நடத்திய ஒருவரிடம் பல ஆண்டுகள் உழைத்தார். 1934-ல் அந்த முதலாளி கார் விபத்தில் இறந்துவிட்டார். அப்போது ஸ்மித் ஐம்பதைத் தாண்டியிருந்தார். நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம். மெக்சிகோ எல்லையில் உள்ள திஜுவானா பந்தய மைதானத்தில், ஒரு குதிரைக் கொட்டிலிலேயே படுத்து உறங்கினார்.

அவருடைய கைத்திறமையை அறிந்த ஒருவர் சிபாரிசு செய்ய, சார்லஸ் ஹோவர்ட் அவரை வேலைக்கு அமர்த்தினார். ஹோவர்ட், கலிபோர்னியாவில் பியூக் கார் விற்றுக் கோடீஸ்வரர் ஆனவர். கார் விற்றுச் சேர்த்த பணத்தைக் குதிரையில் போட்டது வேடிக்கைதான்!

8 ஆயிரம் டாலர் குதிரை

1936-ல் பாஸ்டன் மைதானத்தில் ஒரு குதிரை ஸ்மித்தின் கண்ணில் பட்டது. பெயர் சீபிஸ்கட். குட்டையான உடல், வீங்கிய முட்டி. இரண்டு வயதிலேயே 35 பந்தயங்களில் அதை ஓட்டி வாட்டியிருந்தார்கள். ஆகஸ்டு மாதம் 8 ஆயிரம் டாலருக்கு அதை வாங்கினார் ஹோவர்ட்.

வந்த குதிரை தீனி தின்னவில்லை. கொட்டிலுக்குள் ஓயாமல் சுற்றிச் சுற்றி நடந்தது. ஆள் கிட்டப் போனால் கடிக்க வந்தது. ஸ்மித் சாட்டையை எடுக்கவில்லை. துணைக்கு ஓர் ஆட்டைக் கட்டிப் பார்த்தார். சீபிஸ்கட் அதைக் கவ்வி வெளியே எறிந்துவிட்டது! பிறகு பம்ப்கின் என்ற மஞ்சள் நிறக் குதிரையைக் கொண்டுவந்தார். கொட்டில்களுக்கு இடையே இருந்த சுவரை எடுத்துவிட்டார். இரண்டும் சிநேகமாயின. ஒரு நாயும் ஒரு சின்னக் குரங்கும்கூட அங்கே குடிவந்தன. குதிரை விடிந்தும் தூங்கினால், எழுப்பக்கூடாது என்பது ஸ்மித்தின் உத்தரவு. தினமும் காலுக்குத் தைலம் தேய்த்துத் துணிக்கட்டுப் போட்டார். மெல்ல மெல்லக் குதிரை தின்னத் தொடங்கியது, ஓடவும் தொடங்கியது.

ஸ்மித் அதிகம் பேசமாட்டார். பத்திரிகைக்காரர்கள் துருவினால், ஒரே சாயலில் இருந்த வேறொரு குதிரையைக் காட்டி ஏமாற்றி அனுப்பிவிடுவார்.

மணிச் சத்தம்

1938 நவம்பர் 1-ந்தேதி பால்டிமோர் நகரில் வார் அட்மிரல் என்ற குதிரையோடு நேருக்கு நேர் போட்டி. உறவு முறையில் வார் அட்மிரல், சீபிஸ்கட்டுக்குச் சிற்றப்பன்! புறப்பாட்டிலேயே முந்திவிடுவது அதன் வழக்கம். போட்டி மணி அடித்துத் தொடங்கும் என்பதால், ஸ்மித் தாமே ஒரு மணியைத் தயார் செய்து, அது ஒலித்ததும் பாய்ந்து கிளம்பச் சீபிஸ்கட்டைப் பழக்கினார். அன்று முதல் அடியிலேயே முந்தியது சீபிஸ்கட். நான்கு குதிரை நீள வித்தியாசத்தில் வென்றது. நாடே ரேடியோவில் அதைக் கேட்டது.

அடுத்த ஆண்டு முன்னங்கால் தசைநார் கிழிந்தது. இனி ஓடாது என்றார்கள். பண்ணையில் ஓய்வு கொடுத்து, நடக்கவிட்டு, பொறுத்திருந்து பழக்கினார்கள். அதன் ஜாக்கி ரெட் பொல்லார்டும் கால் உடைந்து அதே பண்ணையில்தான் கிடந்தார். 1940 மார்ச் 2-ந்தேதி இருவரும் சேர்ந்தே திரும்பி வந்து, முன்பு இருமுறை மூக்களவில் தவறிப்போன சாண்டா அனிடா பந்தயத்தை வென்றார்கள். அதுவே சீபிஸ்கட்டின் கடைசிப் பந்தயம்.

ஸ்மித்தின் சோதனை அதோடு தீரவில்லை. பின்னர் அழகு சாதன வியாபாரி எலிசபெத் ஆர்டனின் குதிரைகளைக் கவனித்து வந்தார். 1945-ல், லாயத்து ஆள் ஒருவர் பந்தயத்துக்கு முன் ஒரு குதிரையின் மூக்கில் எபெட்ரின் மருந்து தெளித்ததாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பொறுப்பு பயிற்சியாளருடையது என்று ஸ்மித்துக்கு ஓராண்டு தடை விதித்தார்கள். அறுபதைத் தாண்டிய வயதில் இப்படி ஒரு களங்கம்! ஆர்டன் அம்மையார் அவரைக் கைவிடவில்லை. தடை முடிந்து திரும்பியவர், 1947-ல் ஜெட் பைலட் குதிரையைக் கொண்டு கென்டக்கி டெர்பியை வென்று காட்டினார்.

1957 ஜனவரியில் ஸ்மித் காலமானார். மறு ஆண்டே பந்தயத் துறையின் புகழ் மண்டபத்தில் சீபிஸ்கட்டுக்கு இடம் கிடைத்தது. அதை வளர்த்து ஆளாக்கியவரின் பெயர் அங்கே ஏறியது 2001-ல்தான்.