ஒட்டப்பிடாரம் தந்த உத்தமர்

தருவைகுளம் கடற்கரைக்கு நேர் மேற்கே, இவ்வூர் அடங்கிய வட்டத்தின் தலைமை ஊராக விளங்குவது ஒட்டப்பிடாரம். அங்கே 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் புதல்வராகத் தோன்றியவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள். கப்பலோட்டிய தமிழர் என்றும், சிறையில் செக்கிழுத்த செம்மல் என்றும் சிறுபிள்ளைகளும் அவரை அறிவர். ஆனால், நாளெல்லாம் உழைத்தும் வயிறு நிரம்பாத மில் தொழிலாளிகளுக்காக அவர் தம் கப்பலையும் வாழ்வையும் பணயம் வைத்த ஒன்பது நாட்களைப் பற்றிச் சொல்வார் குறைவு. உப்பளத்திலும் வலைத்தொழிலிலும் துறைமுகத்திலும் பாடுபட்டு, உத்ஸவ காலத்தில் எம்பெருமானைச் சேவிக்க வரும் அன்பர்களுக்கு அதைச் சொல்லவே இக்கட்டுரை எழுதலாயிற்று.

பிள்ளையவர்கள் சைவ சித்தாந்தி. 1935-ல் சிவஞான போதத்திற்கு உரை கண்டவர். அவருடைய சரித்திரத்திற்கு ஸ்ரீவைஷ்ணவ மலரில் என்ன இடம் என்று வினவுவோரும் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்வேன். வக்கீல் தொழிலில் அவர் நிலைபெற்றுவந்த காலத்தில், தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்தவரும் கண்பார்வையற்றவருமான இராமையா தேசிகர் என்னும் துறவியைத் தம் இல்லத்திலேயே தங்கவைத்து உபசரித்தார். முதல் மனைவியார் வள்ளியம்மை தம் கையாலேயே அத்துறவிக்கு அன்னம் படைத்தார். உறவினரும் சாதியாரும் சினந்தனர். தம்பதிகள் அசையவில்லை. அடியாருடைய பிறப்பை ஆராய்வது எத்தகைய அபசாரம் என்பதை நம் பூர்வாசார்யர்கள் கடுமையாகவே எழுதிவைத்துள்ளனர். அவற்றைக் காலக்ஷேபத்தில் நித்தியம் கேட்கிறோம். கேட்டபடி நடந்த இல்லங்கள் எத்தனை? எழுபிறப்பும் சைவராகிய ஒருவர் வீட்டு அடுப்பங்கரையில் அது நடந்தது.

சுதேசிக் கப்பல் கம்பெனியின் வரலாறு பலராலும் எழுதப்பட்டதாகலின் சுருக்கிச் சொல்கிறேன். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் அது பதிவு செய்யப்பட்டது. பங்கு ஒன்றுக்கு ரூபாய் 25 வீதம் 40,000 பங்குகள், ஆக மூலதனம் 10 லட்சம். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கினார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் துணிந்தது. பங்குதாரர்களிற் பலர் அச்சமுற்றிருந்தனர். பிள்ளையவர்கள் அரசியலை விட்டு வியாபாரத்தை மட்டும் கவனித்தால் போதும் என்பது அவர்களிற் சிலருடைய எண்ணம்.

அந்த வேளையில்தான் அவர் கோரல் மில் விவகாரத்தில் இறங்கினார்.

தூத்துக்குடியில் ஹார்வி சகோதரர்களால் நடத்தப்பட்ட அந்த நூற்பாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். கூலியோ சொற்பம், வேலை நேரமோ மிக நீண்டது, வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்பதே கிடையாது. அவர்கள் சார்பில் முறையிடச் சங்கம் எதுவும் அந்நாளில் இல்லை. 1908 பிப்ரவரியில் பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர்களைக் கூட்டிப் பேசினர். அவருக்கு அம்மில்லில் பங்கும் இல்லை, பகையும் இல்லை. கக்ஷிக்காரரிடம் பணம் பெற்று வாதாடும் வக்கீலாகவும் அவர் அங்கே போகவில்லை. பிப்ரவரி 27-ஆம் நாள் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கூலியை உயர்த்த வேண்டும், வார ஓய்வு தரவேண்டும் என்பவை தலையான கோரிக்கைகள்.

அன்றாடங்காய்ச்சிகள் ஒன்பது நாள் கூலியின்றி எவ்வாறு இருந்தார்கள் என்பதே இச்சரித்திரத்தில் நான் மிகவும் வியக்கும் இடம். ஊரார் பொருள் கொடுத்தனர். சிலர் தற்காலிக வேலை கொடுத்தனர். பிள்ளையவர்கள் பொருள் திரட்டி அவர்கள் பட்டினி கிடவாமல் பார்த்துக்கொண்டதோடு, கலகம் விளையாமலும் காத்தார். வேலைநிறுத்தத்தைப் பழித்துப் பேசிய ஒரு வக்கீலுக்கு க்ஷவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், பாதியிலேயே கத்தியை மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார் என்று தூத்துக்குடியில் வழிவழியாகச் சொல்லுவர். பாதி மழித்த முகத்தோடு அவர் கச்சேரிக்கு எவ்வாறு போனாரோ, அறியோம்.

மார்ச் 6-ஆம் நாள் ஆலை நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு ஆகியவற்றுக்கு இணங்கியது. தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர். தூத்துக்குடியிலிருந்த ஏனைய ஐரோப்பியக் கம்பெனிகளிலும் இதன் எதிரொலி கேட்டது. கல்கத்தாவில் அரவிந்தரின் வந்தே மாதரம் பத்திரிகை இதனைப் புகழ்ந்து எழுதியது.

அதன்பின் ஒரு வாரங்கூட அவரை வெளியில் விட்டுவைக்கவில்லை. மார்ச் 12-ஆம் நாள் பிள்ளையவர்களும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். கோரல் மில் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை கூலிக்காக அன்று, தங்களுக்காகப் பேசியவருக்காக. அவ்வாண்டு ஜூலையில் பாலகங்காதர திலகருக்காகப் பம்பாய்த் தொழிலாளர் செய்த புகழ்பெற்ற வேலைநிறுத்தத்திற்கு இது நான்கு மாதம் முந்தியது.

ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். கணக்கிட்டால் 40 ஆண்டுகள். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டப்பட்டார். பின்னர்க் கண்ணனூர்ச் சிறையில் இருந்தார். 1912 டிசம்பரில் வெளிவந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது.

சென்னையில் வறுமையோடு வாழ்ந்த அந்த ஆண்டுகளிலும் தொழிலாளர் உறவை அவர் விடவில்லை, திரு. வி. கலியாணசுந்தரனாரோடு சேர்ந்து தொழிலாளர் இயக்கத்தில் ஈடுபட்டார். 1918 ஏப்ரலில் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தொடக்கம், செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் நடத்திவந்த ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்பது நம்மவர் அறியத்தக்கது. திருவேங்கடமுடையான் குணங்களைக் கேட்கக் கூடிய பெரம்பூர் மில் தொழிலாளிகள், அவ்விடத்திலேயே தங்கள் குறைகளையும் பேசத் தொடங்கினர். பஜனை மடத்தில் கூலிக்கணக்கு எதற்கு என்று முகஞ்சுளித்தவர்களும் இருந்திருப்பர். பசித்தவன் தன் பசியைப் பெருமாள் சந்நிதியில் சொல்லாமல் வேறெங்கே சொல்வான்?

அரசாங்க உத்தியோகங்களில் பிராமணரல்லாதார்க்கும் உரிய இடம் வேண்டும் என்பதையும் பிள்ளையவர்கள் ஆதரித்தார். 1927-ல் சேலம் அரசியல் மாநாட்டில் அவர் செய்த தலைமையுரை பின்னர் அரசியல் பெருஞ்சொல் என்ற பெயரில் நூலாயிற்று. தம்மோடு கைதான சிவாவும் பத்மநாப ஐயங்காரும் பிராமணர்கள் என்பதை அவர் மறந்தவர் அல்லர். அவர் கேட்டது பங்கு, பகை அன்று. அக்காலத்தில் நம்மவரிற் பலர் இவ்வேறுபாட்டை உணரவில்லை என்பது என் கருத்து.

வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது மீண்டும் கிடைத்தது. அந்நன்றிக்காகத் தம் மைந்தருக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். வெள்ளையரைப் பகைத்தவர் என்பாரும் இதனைக் கருதவேண்டும். கோவிற்பட்டியிலும் தூத்துக்குடியிலும் தொழில் நடத்தி, தமிழ் நூல்களைப் பதிப்பித்து, கடன்சுமையோடே வாழ்ந்து, 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் சிவபதம் எய்தினார்.

அத்துறைமுகத்திற்கு அவர் திருநாமம் 2011-ல் சூட்டப்பெற்றது. ஒட்டப்பிடாரத்தில் அவர் பிறந்த மனை அரசின் நினைவில்லமாக இருக்கிறது, நூலகமும் உண்டு. உத்ஸவம் சேவித்து மேற்கே திரும்பும் அன்பர்கள் வழியில் இறங்கிக் காணலாம்.