கேள்விப்பெட்டி வைத்த வைத்தியர்: மக்னஸ் ஹிர்ஷ்பெல்ட்டும் எரிக்கப்பட்ட ஒரு நூலகமும்

1933ஆம் ஆண்டு, பாரிஸ் நகரத் திரையரங்கு ஒன்றில் 65 வயதான ஒரு ஜேர்மனிய வைத்தியர் அமர்ந்திருந்தார். திரையில் செய்திச்சுருள் ஓடிக்கொண்டிருந்தது. பேர்லினில் ஒரு சதுக்கம், நடுவில் பெருந்தீ, சுற்றிவர மாணவர்களும் சீருடைக்காரர்களும். கைமாறிக் கைமாறி வந்த புத்தகங்கள் நெருப்புக்குள் விழுந்தன. அவற்றில் ஆயிரக்கணக்கானவை அவர் 30 ஆண்டுகளாகச் சேர்த்தவை. தன்னுடைய நூலகம் எரிவதை இன்னொரு நாட்டின் இருட்டறையில் இருந்து பார்த்த அந்த மனிதரின் பெயர் மக்னஸ் ஹிர்ஷ்பெல்ட்.

யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததைக் கண்டவர்களுக்கும், அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கும் இந்தக் காட்சியை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அந்த நூலகத்தில் என்ன இருந்தது, அதை வைத்திருந்தவர் என்ன வேலை செய்தார் என்பது தமிழில் அதிகம் பேசப்படவில்லை. இன்று பாலியல் சிகிச்சை என்று அழைக்கப்படும் மருத்துவத் துறையின் முன்னோடிகளில் அவர் ஒருவர். அந்தத் துறை எமது மக்களுக்கு எவ்வளவு தேவையோ, அவ்வளவுக்கு அதைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை.

ஹிர்ஷ்பெல்ட் 1868 மே 14ஆம் திகதி பால்டிக் கடலோரத்துக் கோல்பேர்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இன்று அந்த நகரம் போலந்தில் இருக்கிறது. தந்தை ஊரறிந்த வைத்தியர். மகன் முதலில் மொழியியல் படிக்கப் போய், பிறகு மருத்துவத்துக்கு மாறி, 1892இல் பட்டம் பெற்றார். சில காலம் மக்டெபேர்க்கில் தொழில் பார்த்துவிட்டு 1896இல் பேர்லினை அடுத்த சார்லொட்டன்பேர்க்கில் குடியேறினார்.

அவரை இந்தப் பாதையில் திருப்பியது ஒரு நோயாளியின் சாவு. அந்த இளம் இராணுவ அதிகாரி ஆண்கள் மீதே ஈர்ப்புக் கொண்டவர். வீட்டார் நிச்சயித்த திருமணத்துக்கு முந்திய இரவு அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தன்னுடைய கதையால் மற்றவர்களுக்காவது பயன் கிடைக்கட்டும் என்று வைத்தியருக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அப்போதைய ஜேர்மனியில் தண்டனைச் சட்டத்தின் 175ஆம் பிரிவு ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கியிருந்தது. 1896இல் ஹிர்ஷ்பெல்ட் புனைபெயரில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அடுத்த ஆண்டு மே மாதம் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து, அந்தச் சட்டத்தை நீக்கக் கோரும் ஓர் அமைப்பைத் தொடங்கினார். உலகில் இவ்வகையில் முதலாவது என்று கருதப்படும் அமைப்பு அது. ஆயிரக்கணக்கானோர் ஒப்பமிட்ட மனு நாடாளுமன்றத்துக்குப் போயும் சட்டம் அசையவில்லை. 175ஆம் பிரிவு முழுமையாக நீக்கப்பட்டது 1994இல். எமது தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளும் பிரித்தானியர் விட்டுச்சென்றவைதான். அவை இன்னும் ஏட்டில் இருக்கின்றன.

அவரை ஒருபாலீர்ப்பாளர்களின் வழக்கறிஞராக மட்டும் பார்த்தால் பாதிக் கதை தவறிவிடும். மனிதர்களின் பாலியல் வாழ்வைக் கேட்டறிந்து எழுதுவதே அவருடைய முறை. நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள் கொண்ட வினாக்கொத்து ஒன்றைத் தயாரித்து ஆயிரக்கணக்கானோரிடம் நிரப்பி வாங்கினார். 1903இல் சார்லொட்டன்பேர்க் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் சுமார் 3,000 பேருக்கு, பெயர் எழுதத் தேவையில்லாத ஒரு கேள்வியை அனுப்பினார். சில மாணவர்கள் தங்களை அவமதித்துவிட்டார் என்று வழக்குப் போட, நீதிமன்றம் அவருக்கு 200 மார்க் தண்டம் விதித்தது. கேட்டதே குற்றமாகிப்போனது.

பிறகு முதலாம் உலகப் போர் வந்தது. தொடக்கத்தில் அவரும் பலரைப்போல நாட்டுப்பற்று எழுத்துகளில் இறங்கினார். காயப்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த ஆண்டுகள் அவரைப் போருக்கு எதிரானவராக மாற்றின. 1930இல் அவர் பதிப்பித்த இரண்டு தொகுதிகள் உலகப் போரின் பாலியல் வரலாற்றைப் பேசுகின்றன. கணவன் களத்தில் இருக்க வீட்டில் தனித்துவிடப்பட்ட பெண்கள், போர்க் கைதிகள், இராணுவமே நடத்திய விபச்சார விடுதிகள், உடல் சிதைந்து வீடு திரும்பிய ஆண்கள் என்று, வீரவரலாறுகள் ஒதுக்கிவிடும் பக்கம் அது. போர் முடிந்த ஊரில் வாழ்பவர்களுக்கு அந்தத் தலைப்புகள் எவையும் அந்நியமானவை அல்ல.

1919 ஜூலை 6ஆம் திகதி பேர்லினின் தியர்கார்டன் பூங்காவை ஒட்டிய பெரிய மாளிகையொன்றில் பாலியல் அறிவியல் நிறுவகத்தைத் திறந்தார். ஆய்வும் நூலகமும் அருங்காட்சியகமும் சிகிச்சையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. உளமருத்துவர் இருந்தார், தோல் மற்றும் பால்வினை நோய் வைத்தியர் இருந்தார், பெண்நோயியல் வைத்தியரும் இருந்தார். திருமணம் செய்யப்போகிறவர்களும், செய்து கஷ்டப்படுகிறவர்களும் ஆலோசனை பெறலாம். காசில்லாதவர்களிடம் கட்டணம் வாங்கவில்லை. பிறப்பில் குறிக்கப்பட்ட பாலுக்கு மாறாக உடுத்தி வாழ விரும்பியவர்களைப் பொலிஸார் கைது செய்யாதிருக்க, மருத்துவச் சான்றிதழ் எழுதிக் கொடுத்து அனுமதி அட்டை பெற்றுக் கொடுத்தார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அங்கிருந்த ஒரு பெட்டி. மக்ஸ் ஹொடான் என்ற வைத்தியர் மாலை நேரங்களில் பொதுமக்களுக்குக் கலந்துரையாடல் நடத்துவார். வருகிறவர்கள் தங்கள் கேள்வியைத் துண்டில் எழுதிப் பெட்டிக்குள் போடலாம், பெயர் தேவையில்லை. கர்ப்பத்தைத் தவிர்ப்பது எப்படி என்பது போன்ற கேள்விகளுக்கு அவர் சபையில் வெளிப்படையாகப் பதில் சொல்வார். தொழிலாளிகளும் வீட்டுப் பெண்களும் வந்து கேட்டார்கள். வெட்கத்தைப் போக்கச் சொல்லி யாரும் அவர்களுக்குப் போதிக்கவில்லை. வெட்கத்தோடேயே கேட்க ஒரு வழியைச் செய்து கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

ஹிர்ஷ்பெல்ட்டைப் புனிதராக்க வேண்டியதில்லை. அக்காலத்து முற்போக்காளர் பலரைப்போல அவரும் நல்ல சந்ததியை உருவாக்குவதென்ற இனமேம்பாட்டுக் கொள்கையில் நம்பிக்கை வைத்திருந்தார். அதே கொள்கையை நாசிகள் எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்பது தெரிந்தது. விதைச்சுரப்பி மாற்றி வைத்தால் ஈர்ப்பு மாறும் என்ற சத்திரசிகிச்சைச் சோதனைகளுக்கும் தொடக்கத்தில் இடம் கொடுத்தார். ஆண்மைக் குறைவுக்கென்று விற்பனைக்கு வந்த மாத்திரைகளுக்குத் தன் பெயரைக் கொடுத்தார். நிறுவகத்தை நடத்தக் காசு வேண்டியிருந்திருக்கலாம். ஆனாலும் வைத்தியரின் பெயர் விளம்பரத்தில் ஏறும்போது நோயாளி கவனமாக இருக்கவேண்டும் என்பதற்கு இந்தப் பெரிய மனிதரே ஓர் உதாரணம்.

எதிரிகளுக்கு அவருடைய குறைகள் பொருட்டல்ல. யூதர் என்பதும், பாலியலைப் பேசுகிறார் என்பதும், தானும் ஆண்களை நேசிக்கிறவர் என்பதும் போதுமாயிருந்தன. 1920இல் மியூனிக்கில் ஓர் உரை முடிந்து வெளியே வந்தவரை அடித்து, இறந்துவிட்டார் என்று தெருவில் விட்டுப் போனார்கள். பத்திரிகைகள் மரணச் செய்தியைப் பிரசுரித்தன. படுக்கையில் இருந்தபடி தன்னைப் பற்றிய அஞ்சலிக் குறிப்புகளைத் தானே வாசித்தார்.

1930 இறுதியில் விரிவுரைகளுக்காக அமெரிக்கா புறப்பட்டவர் அப்படியே ஜப்பான், சீனா, ஜாவா என்று உலகைச் சுற்றினார். 1931இல் இலங்கையிலும் இறங்கி, பின்னர் இந்தியா போனார். 1933இல் வெளிவந்த பயண நூலில் காலனி ஆட்சியைக் கண்டித்து, இந்திய விடுதலையின் பக்கம் நின்று எழுதினார். சாங்காயில் லீ ஷியூ தொங் என்ற மருத்துவ மாணவரைச் சந்தித்தார். இறுதிவரை கூட வந்த துணை அவர்தான். 1932இல் ஐரோப்பா திரும்பியபோது, பேர்லினுக்குப் போனால் உயிர் தப்பாது என்று நண்பர்கள் தடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் தன் நாட்டை மிதிக்கவே இல்லை.

1933 மே 6ஆம் திகதி காலை, உடற்கல்விக் கல்லூரி மாணவர்கள் பாண்டு வாத்தியத்துடன் லொறிகளில் வந்து நிறுவகத்தை உடைத்தார்கள். பிற்பகலில் நாசிப் படையினர் வந்து மிச்சத்தை அள்ளினார்கள். மே 10ஆம் திகதி இரவு எல்லாம் எரிந்தது. ஹிர்ஷ்பெல்ட்டின் மார்பளவுச் சிலையையும் ஊர்வலமாகத் தூக்கி வந்திருந்தார்கள். புத்தகங்களைக் காட்டிலும் ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. நம்பி வந்து தங்கள் அந்தரங்கத்தைச் சொல்லிவிட்டுப் போன மனிதர்களின் பதிவுகளும் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தன.

இவர் தொடங்கிய வேலை இன்னொரு நாட்டில், இன்னொரு தலைமுறையில் வேறு உருவம் எடுத்தது. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் வில்லியம் மாஸ்டர்ஸ், வேர்ஜீனியா ஜோன்சன் ஆகிய இருவரும் 1970இல் வெளியிட்ட நூல் தம்பதியரைச் சேர்த்து வைத்துச் சிகிச்சை செய்யும் முறையை முன்வைத்தது. பிரச்சினை ஒருவருடையதல்ல, இருவருக்கும் இடையிலானது என்பது அதன் அடிப்படை. தொடக்கத்தில் உடலுறவு வேண்டாம், எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் ஒருவரை ஒருவர் தொட்டுப் பழகுங்கள் என்று வீட்டுப் பயிற்சி கொடுப்பார்கள். பயம் குறையக் குறைய அடுத்த படி. இன்றைய பாலியல் சிகிச்சை பெரும்பாலும் இப்படிப் பேச்சும் பயிற்சியும்தான்.

எங்களிடையே இது யாருக்குத் தேவை? முள்ளந்தண்டில் காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் முன்னாள் போராளிக்கும் அவருடைய மனைவிக்கும். தடுப்பில் சித்திரவதைக்குள்ளாகி வந்து, தொட்டாலே உடல் விறைத்துப்போகிறவருக்கு. திருமணமாகி ஆண்டுகள் போயும் உறவின்போது தாங்க முடியாத வலி என்று யாரிடமும் சொல்லாத பெண்ணுக்கு. போரோடு சம்பந்தமே இல்லாத நீரிழிவுக்காரருக்கும். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் சில மனச்சோர்வு மருந்துகளும் பாலியல் செயற்பாட்டைப் பாதிக்கும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது சாதாரண வைத்தியரைத்தான். வலிக்கும், விறைப்புக் குறைபாட்டுக்கும், முள்ளந்தண்டுக் காயத்துக்குப் பிறகு பிள்ளை பெறுவதற்கும் இன்று மருத்துவ வழிகள் உண்டு. மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது, வைத்தியரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

தகுதியானவரைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிகிச்சையாளர் என்று பலகை போட்டிருப்பதால் ஒருவர் தகுதி பெற்றவராகிவிட மாட்டார். வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கவேண்டும். சித்த, ஆயுர்வேத வைத்தியருக்கு ஆயுர்வேத மருத்துவ சபையின் பதிவு. உளவளத்துணையாளர் என்றால் எங்கே, எத்தனை காலம் படித்தார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்லவர் கோபிக்காமல் பதில் சொல்வார். போதனா வைத்தியசாலையிலும் மாவட்ட வைத்தியசாலைகளிலும் உளநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. அந்தப் பிரிவுக்குப் போவதால் பைத்தியம் என்று ஆகிவிடாது. நேரே போகக் கூச்சமென்றால் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பேச்சை எடுக்கலாம். பெண் வைத்தியர்தான் வேண்டும் என்று கேட்கலாம்.

சில அடையாளங்களைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். இத்தனை நாளில் குணமாக்குவேன் என்று உத்தரவாதம் தருகிறவர், முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறவர், பெயரில்லாத போத்தலில் மருந்து தருகிறவர். பேச்சுச் சிகிச்சை செய்கிறவர் நோயாளியின் உடலைத் தொடுவதோ உடையைக் களையச் சொல்வதோ சிகிச்சையல்ல, குற்றம். உடல் பரிசோதனை தேவையானால் அதை வைத்தியர் செய்வார், ஏன் என்று முதலில் சொல்லுவார், உங்கள் சம்மதம் கேட்பார், நீங்கள் விரும்பினால் இன்னொருவர் உடனிருப்பார். நீங்கள் சொல்வதை யார் எழுதுகிறார்கள், அந்தக் கோப்பு எங்கே வைக்கப்படுகிறது, யார் பார்க்கலாம் என்றும் கேளுங்கள். விசாரணைகளுக்குப் பழகிப்போன எங்களுக்கு இந்தக் கேள்வி மிகவும் முக்கியம். பேர்லினில் கோப்புகளை அள்ளிக்கொண்டு போன கதையை வாசித்த பிறகு இன்னும் முக்கியம்.

ஹிர்ஷ்பெல்ட் பிரான்ஸில் நிறுவகத்தை மறுபடி தொடங்க முயன்று தோற்றார். பிறகு தெற்கே நீஸ் நகருக்குப் போனார். 1935 மே 14ஆம் திகதி, தன் 67ஆவது பிறந்தநாளில், அங்கே இறந்தார். பேர்லினில் அவருடைய துணையாகவும் நிறுவகத்தின் ஆவணக் காப்பாளராகவும் இருந்த கார்ல் கீசே, 1938இல் செக்கோஸ்லோவாக்கியாவில் அகதியாக இருந்தபோது தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மாளிகையைப் பின்னர் குண்டுகள் சிதைத்தன.

லீ ஷியூ தொங் மட்டும், குருவின் பொருட்களைப் பெட்டிகளில் போட்டு நாடு நாடாகச் சுமந்தார். அவர் 1993இல் கனடாவின் வன்கூவரில் இறந்தபோது அந்தப் பெட்டிகள் குப்பைக்குப் போயின. அதே கட்டடத்தில் வசித்த ஒருவர் அவற்றை எடுத்து வைத்து, யாருக்காவது தேவையா என்று இணையத்தில் ஓர் அறிவித்தல் போட்டார். பல ஆண்டுகள் கழித்து பேர்லினில் ஹிர்ஷ்பெல்ட்டின் பெயரில் இயங்கும் சங்கத்தின் கண்ணில் அது பட்டது. பெட்டிக்குள் அவருடைய மரண முகவார்ப்பும், தன் கையால் எழுதிய ஒரு குறிப்பேடும் இருந்தன. அதன் மேல் இரண்டாம் ஏடு என்று எழுதியிருந்தது. முதலாம் ஏடு இன்னும் கிடைக்கவில்லை.